தூத்துக்குடி உப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பாடத்தில் முதல்நிலைத் தொழில்கள் என்று ஒரு பட்டியல் வரும். வேளாண்மை, மீன்பிடி, கால்நடை, காடு, சுரங்கம், அப்புறம் ஒரு "முதலியன". உப்பு பெரும்பாலும் அந்த முதலியனவுக்குள் போய்விடும். நாம் தினமும் மூன்று வேளையும் சாப்பிடுகிற ஒரு இயற்கை வளத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது "கடல் தண்ணீர் காய்ந்தால் உப்பு" என்ற ஒரு வரிதான். அதற்கு மேல் கேட்கிறவர்களுக்காக இது. தூத்துக்குடியை நடுவில் வைத்துச் சொல்கிறேன், தேவைப்பட்ட இடத்தில் வேதாரண்யமும் குஜராத்தும் வரும்.

உப்பு எடுப்பது விவசாயமா, சுரங்கமா, தொழிற்சாலையா?

அரசாங்கக் கணக்குப்படி சுரங்கம். இந்தியாவின் தொழில் வகைப்பாட்டில், கடல்நீரை வெயிலில் காயவைத்து எடுக்கும் உப்பும் பாறையை வெட்டி எடுக்கும் உப்பும் ஒரே தலைப்பில், சுரங்கம் மற்றும் குவாரிப் பகுதியில்தான் வருகின்றன. அதே உப்பைக் கழுவி, அரைத்து, அயோடின் கலந்து பாக்கெட்டில் போடும் ஆலை உற்பத்தித் தொழிலுக்குள் வந்துவிடும். அதாவது பாத்தியில் இருக்கும்வரை முதல்நிலை, ஆலைக்குள் நுழைந்ததும் இரண்டாம்நிலை.

ஆனால் உப்பளத்துக்குள் போய்ப் பேசிப் பாருங்கள், எல்லாம் விவசாயப் பேச்சாகவே இருக்கும். பாத்தி, வரப்பு, விளைச்சல், இந்த வருஷம் மழை முந்திவிட்டது, காற்று சரியில்லை. கவலைகளும் விவசாயியின் கவலைகள்தான். விவசாயிக்கு இருக்கிற பயிர்க் காப்பீடு மட்டும் உப்புக்குக் கிடையாது. என்னைக் கேட்டால், உப்பளக்காரர்களின் பாதிப் பிரச்சினை இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் இருக்கிறது.

தண்ணீரை விட்டால் வெயில் காயவைத்துவிடும். இதில் ஆள் செய்ய என்ன வேலை இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கடல்நீரில் கரைந்திருப்பது சமையல் உப்பு மட்டும் இல்லை. ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன, அதில் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு முக்கால் பங்குக்குச் சற்று மேல். மீதி மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் வகையறா. தண்ணீரை அப்படியே முழுக்கக் காயவிட்டால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கசப்பும் ஈரமுமாக ஒரு கலவை கிடைக்கும், வாயில் வைக்க முடியாது. உப்பளத்து வேலையே எதை எந்த இடத்தில் படியவிடுவது என்பதுதான்.

நடப்பது இதுதான். முதலில் தெப்பம் என்கிற ஆழமான தேக்கங்களில் தண்ணீர் நிற்கும், தூசியும் சேறும் அடியில் தங்கும். பிறகு ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக, ஆழம் குறைந்த பாத்திகளுக்கு நீர் நகர்ந்துகொண்டே போகும். இந்த நீரின் கெட்டித்தன்மையைப் பாமே டிகிரியில் அளப்பார்கள், உப்பளத்தில் வெறும் "டிகிரி" என்றால் போதும். கடல்நீர் சுமார் 3, 3½ டிகிரி. ஏற ஏற முதலில் சுண்ணாம்பு படியும். சுமார் 13 டிகிரியிலிருந்து ஜிப்சம் படிய ஆரம்பிக்கும். 25 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் நமக்கு வேண்டிய உப்பு. அதற்குள் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகிப் போயிருக்கும். 29, 30 டிகிரிக்கு வந்ததும் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்னீசியம் உப்போடு சேர்ந்து கசக்கும். அந்தக் கசப்பு நீரைத் தூத்துக்குடிப் பக்கம் நஞ்சோடைத் தண்ணீர் என்பார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், சீசன் தொடங்கும்போது, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் நீர் கீழே இறங்கும், உப்பில் மண்ணும் ஏறும். வரிசையாக நின்றுகொண்டு ஈரக் களிமண்ணை மிதிப்பது பார்க்கச் சுலபமாகத் தெரியும், அரை மணி நேரம் செய்து பார்த்தால் தெரியும். உப்பு படிந்ததும் நீளக் கம்பு வைத்த மரப்பலகையால் அதை உடைத்து, வாரி, வரப்பில் குவித்து, நீர் வடிந்த பிறகு சுமந்துகொண்டு போய் அம்பாரமாக்க வேண்டும். பெரும்பாலும் ஆண்கள் வாருவார்கள், பெண்கள் சுமப்பார்கள். தலைச்சுமை குறைந்துவருகிறது, இன்னும் முழுக்கப் போகவில்லை.

ஒரு கிலோ உப்புக்கு எவ்வளவு கடல்நீர் வேண்டும்?

காகிதக் கணக்குப்படி 37 லிட்டர். நடைமுறையில் அதைவிடக் கூடுதல். கசப்பு நீரோடு வெளியே போகும் உப்பு, தரைக்குள் இறங்கும் நீர் என்று கொஞ்சம் கைவிட்டுப் போகும்.

கடல் தீரப்போவதில்லை, வெயிலும் தீரப்போவதில்லை. அப்படியென்றால் இது தீராத வளம்தானே?

கடலும் வெயிலும் தீராது என்பது சரி. ஆனால் உப்பளம் அந்த இரண்டை மட்டுமா பயன்படுத்துகிறது?

முதலில் நிலம். கடலோரத்தில், சமதளமாக, களிமண் தரையாக, தண்ணீரைத் தாங்கி நிற்கிற நிலம் வேண்டும். அந்த வகை நிலத்தைத்தான் துறைமுகமும் அனல் மின் நிலையமும் இறால் பண்ணையும் தொழிற்பேட்டையும் கேட்கின்றன. வெளியிலிருந்து வருகிறவர்கள் கண்ணுக்கு உப்பளம் "சும்மா கிடக்கிற தரிசு" மாதிரிதான் தெரியும்.

இரண்டாவது, மழையில்லாத நாட்கள். உப்பில் உண்மையிலேயே அரிதான வளம் இதுதான் என்பேன். பாத்தியில் 24 டிகிரிக்கு வந்து நிற்கும் தண்ணீரின் மேல் ஒரு நல்ல மழை பெய்தால் பல வார வேலை போய்விடும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கோடை மழை என்று நாமெல்லாம் சந்தோஷப்படும்போது உப்பளக்காரர் வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, நிலத்தடி நீர். தூத்துக்குடியில் நிறைய உப்பளங்கள் கடலிலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுப்பதில்லை. போர் போட்டு, கடல்நீரைவிடக் கூடுதல் டிகிரி உள்ள உவர்நீரை மேலே இறைக்கின்றன. ஏற்கனவே பாதி தூரம் வந்த நீர் என்பதால் உப்பு சீக்கிரம் விளையும். ஆனால் அடியிலிருந்து இறைத்துக்கொண்டே இருந்தால் உவர்நீரும் நல்ல நீரும் சந்திக்கும் எல்லை நகரும், பக்கத்து ஊர்க் கிணறு உப்புக் கரிக்க ஆரம்பிக்கும். அதற்கு உப்பளம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, விவசாயத்துக்கும் ஆலைக்கும் நல்ல நீரை உறிஞ்சினாலும் இதேதான் நடக்கும். ஆனாலும் "கடல் நீர்தானே, செலவே இல்லை" என்பது இங்கே பொருந்தாது.

தமிழ்நாட்டுக்கு இவ்வளவு நீளக் கடற்கரை இருக்கும்போது ஏன் தூத்துக்குடி?

மழை குறைவு. சென்னையில் ஆண்டுக்கு சுமார் 1,400 மி.மீ. பெய்தால், தூத்துக்குடியில் அதில் பாதியைக்கூடத் தொடாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் வருகிறது. ஜூன், ஜூலையில் கேரளா நனைந்துகொண்டிருக்க, தூத்துக்குடியில் புழுதி பறக்கும். ஊர்க்காரர்களுக்கு அது தொல்லை, உப்புக்கு அந்தக் காற்று வெயிலுக்குச் சமம். ஈரமான காற்று அசையாமல் நின்றால் எவ்வளவு வெயில் அடித்தாலும் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும்.

அதனால் ஜனவரி, பிப்ரவரியில் பாத்தி வேலை தொடங்கி செப்டம்பர் வரை, சில வருஷம் அக்டோபர் பாதி வரை உப்பு எடுக்கலாம். முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடை, தருவைகுளம், வைப்பார் என்று கரையோரம் முழுக்க உப்பளம். துறைமுகம் பக்கத்திலேயே இருப்பது இன்னொரு வசதி. தமிழ்நாட்டில் இதுதான் முதலிடம். வேதாரண்யம், ராமநாதபுரம் பக்கம் வாலிநோக்கம், மரக்காணம் இங்கெல்லாம் உப்பு உண்டு, ஆனால் தூத்துக்குடி அளவுக்கு இல்லை.

இந்தியாவிலேயே தூத்துக்குடிதான் முதலிடமா?

இல்லை. இதை வாட்ஸ்அப்பில் அடிக்கடி பார்க்கிறேன். குஜராத் எங்கேயோ இருக்கிறது. இந்தியாவின் உப்பில் முக்கால் பங்குக்கும் மேல் அங்கேதான் வருகிறது, தமிழ்நாடு அதற்கு வெகு தூரம் பின்னால் இரண்டாம் இடம். உலக அளவில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா. குஜராத்தில் ஒரே நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர், எந்திரம், ரயில் பாதை எல்லாம் உண்டு. அதே குஜராத்தில் கட்ச் சின்ன ரண் பகுதியில் அகரியா மக்கள் குடும்பத்தோடு பாலைவனத்துக்குள் போய்க் கூடாரம் போட்டு நிலத்தடி உவர்நீரில் உப்பு விளைவிக்கிறார்கள், அவர்கள் நிலைமை வேறு.

ஒன்று கவனியுங்கள். குஜராத்தில் மழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. அங்கே பாத்தி மூழ்கிக் கிடக்கும் மாதங்களில்தான் தூத்துக்குடியில் உப்பு உச்சத்தில் இருக்கிறது. இங்கே மழை பிடிக்கும்போது அங்கே வேலை தொடங்கும். அளவில் தோற்றாலும் தென்னிந்தியச் சந்தையில் தூத்துக்குடி தாக்குப்பிடிப்பதற்கு இந்த மாறி வரும் சீசனும் லாரி வாடகை குறைவும் உதவுகின்றன.

எடுக்கிற உப்பெல்லாம் சாப்பாட்டுக்கா போகிறது?

பாதிகூட இல்லை. இந்தியாவில் ஆண்டுக்கு 3 கோடி டன் அளவில் உப்பு விளைகிறது, எவ்வளவுதான் ஊறுகாய் போட்டாலும் நம்மால் அவ்வளவு சாப்பிட முடியாது. பெரும்பகுதி ஆலைகளுக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. உப்பிலிருந்துதான் காஸ்டிக் சோடா, குளோரின், சோடா சாம்பல். அங்கிருந்து சோப்பு, கண்ணாடி, காகிதம், பிவிசி குழாய், குடிநீரில் கலக்கும் குளோரின். ஆறுமுகநேரி பக்கத்தில் சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா ஆலை வந்ததற்கு உப்பு அருகில் கிடைப்பது ஒரு முக்கியக் காரணம். மீனைக் கருவாடாக்க, தோல் பதப்படுத்த, ஐஸ் தொழிலுக்கு என்று மீதி.

கல் உப்பு நல்லதா, பொடி உப்பு நல்லதா? கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கிறதாமே?

கல்லும் பொடியும் ஒரே பாத்தியிலிருந்து வருவதுதான். ஒன்றைக் கழுவி அரைத்திருக்கிறார்கள், இன்னொன்றை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் கல் உப்பு நன்றாக இருக்கும், மெதுவாகக் கரையும். ருசி அவரவர் இஷ்டம்.

ஆனால் அயோடின் விஷயத்தில் ஏமாற வேண்டாம். கடல்நீரில் இருக்கும் அயோடின் மிகமிகக் குறைவு, காய்ந்து உப்பாகும்போது அதில் தங்குவது உடம்புக்குப் போதாது. கடல் மீனிலும் கடற்பாசியிலும் அயோடின் உண்டு, கடல் உப்பில் இல்லை. அதனால்தான் ஆலையில் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கிறார்கள். கழுத்துக் கழலை, குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைபாடு இதையெல்லாம் தடுக்க 1962இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்கத் தடை வந்தது, 2000இல் நீக்கினார்கள், 2006 மே மாதம் மறுபடியும் கொண்டுவந்தார்கள். அப்போது சிறு உற்பத்தியாளர்கள் எதிர்த்ததும் நியாயமில்லாமல் இல்லை, அயோடின் கலக்கும் எந்திரம் இல்லாதவர் தன் உப்பை ஆலைக்காரர் சொல்கிற விலைக்கு விற்க வேண்டியதாகிவிடும். ஆனால் தைராய்டு சுரப்பிக்கு அந்த அரசியல் தெரியாது. அயோடின் சேர்த்த கல் உப்பும் கடையில் கிடைக்கிறது, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ஈரம் படாமல் மூடி வைத்தால் அயோடின் தங்கும்.

இந்துப்பு பாறை உப்பு, பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து பெருமளவில் வந்துகொண்டிருந்தது. அந்த ரோஸ் நிறத்துக்குக் காரணம் இரும்பு. அதற்கு இவ்வளவு விலை கொடுக்கலாமா என்பதை உங்கள் பர்ஸ் முடிவு செய்யட்டும்.

பாக்கெட் உப்பில் சயனைடு கலக்கிறார்கள் என்று வீடியோ வந்ததே?

கட்டிபிடிக்காமல் இருக்கப் பொட்டாசியம் ஃபெரோசயனைடு சிறிதளவு சேர்ப்பதுண்டு. பெயரில் சயனைடு இருக்கிறது, ஆனால் அதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, உடம்பில் சுலபமாகப் பிரிவதில்லை. கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. உப்பால் வரும் உண்மையான ஆபத்து நாம் அளவுக்கு மேல் சாப்பிடுவது, அதற்கு யாரும் வீடியோ போடுவதில்லை.

உப்பளத்தில் தண்ணீர் சிவப்பாக இருக்கிறதே, ஆலைக் கழிவா?

எப்போதும் அப்படி இல்லை. உப்பு மிகுந்த நீரில் மட்டும் வாழும் துனலியெல்லா என்ற பாசியும் சில நுண்ணுயிர்களும் அந்த நிறத்தைக் கொடுக்கின்றன. சிவந்த நீர் வெயிலை அதிகம் உறிஞ்சும், சீக்கிரம் ஆவியாகும், ஆகவே உப்பளக்காரருக்கு லாபம்தான். அதே தண்ணீரில் ஆர்டீமியா என்ற குட்டி இறால் வகை பாசியைத் தின்று வாழும். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் அதன் முட்டைக்கு நல்ல கிராக்கி. பூநாரைகள் வருவதும் இந்த மாதிரி தீனிக்காகத்தான்.

அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உடம்புக்கு என்ன ஆகிறது?

வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. வெள்ளை உப்பிலும் தண்ணீரிலும் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். கண் கூசும், வருஷக்கணக்கில் பார்த்தால் பார்வை பாதிக்கும். அதனால் பல இடங்களில் விடியற்காலை இருட்டிலேயே, டார்ச் வெளிச்சத்தில் வாரத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடிக்கும், வெடித்த இடத்தில் மறுபடி உப்புநீர் ஏறும். ரப்பர் பூட்ஸ் போட்டால் உள்ளே நீர் புகுந்து உராய்ந்து புண்ணாகிறது என்று வெறுங்காலோடு இறங்குகிறவர்கள் உண்டு. "பூட்ஸ் கொடுத்தோம், அவர்கள் போடுவதில்லை" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு பாத்தி வாரிப் பார்க்கலாம்.

பெண்கள் நிலை இன்னும் மோசம். பரந்த வெளி, ஒரு மரம் கிடையாது, கழிப்பறை பல இடங்களில் கிடையாது. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நாள் முழுக்க வேர்த்து ஊற்றுகிற வேலையில் தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீரகம் என்ன ஆகும்? தமிழ்நாட்டு உப்பளங்களில் நடந்த மருத்துவ ஆய்வுகளும் இந்த வெப்பத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் பதிவு செய்திருக்கின்றன. நிழல் கொட்டகை, குடிதண்ணீர், கழிப்பறை மூன்றுக்கும் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை. இல்லாததற்குக் காரணம் செலவு மட்டும்தான் என்று நான் நம்பவில்லை, கேட்க ஆள் இல்லை என்பதுதான் காரணம்.

மழைக்காலத்தில் என்ன செய்வார்கள்?

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வேலை இல்லை. சிலர் கட்டட வேலைக்கு, சிலர் விவசாயக் கூலிக்கு, கடனுக்கு அலைகிறவர்களும் உண்டு. அந்தக் கடனை அடுத்த சீசன் கூலியில் கழிப்பார்கள். மீனவர்களுக்குத் தடைக்காலத்தில் நிவாரணம் தருவதுபோல் எங்களுக்கும் வேண்டும் என்று வெகுகாலம் கேட்டு, இப்போது சில ஆண்டுகளாகத் தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு 5,000 என்று வகுத்துப் பாருங்கள். ஒன்றுமில்லாததற்கு இது மேல், அவ்வளவுதான்.

இதற்கு மேல் பேரிடர். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் உப்பளங்களில் கடல் சேற்றைக் கொண்டுவந்து கொட்டியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தபோது தூத்துக்குடி மாவட்டத்தில் அம்பாரமாகக் குவித்து விற்பனைக்கு வைத்திருந்த உப்பே கரைந்து போனது. பாத்தி கெட்டால் அடுத்த வருஷம் சரிசெய்யலாம், அம்பாரம் கரைந்தால் அது போன வருஷத்து உழைப்பு.

உப்பு மத்திய அரசு விஷயமா, மாநில விஷயமா?

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மத்தியப் பட்டியலில் 58ஆவது இனமாக இருக்கிறது. ஆனால் உப்பளம் அமைந்த நிலத்தில் மாநிலத்தின் நிலமும் உண்டு, மத்திய உப்புத் துறையின் நிலமும் உண்டு, தனியார் பட்டாவும் உண்டு. கூலி, நிவாரணம் எல்லாம் மாநிலம். குத்தகை புதுப்பிப்பு என்று வந்தால் எந்த அலுவலகத்து வாசலில் நிற்பது என்பதே ஒரு தனி வேலை. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகம் வாலிநோக்கத்தில் சொந்தமாக உப்பு எடுக்கிறது.

உப்புக்கு இன்றைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் உப்பு வரியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து கிளம்பிய தொண்டர்கள் தஞ்சை மாவட்டம் வழியாக நடந்து வேதாரண்யம் போய், ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார்கள். உப்பு வரி ஒழிய அதற்குப் பிறகும் 1947 வரை ஆனது.

கடையில் கிலோ இருபது முப்பது ரூபாய். பாத்தியில் என்ன விலை?

வருஷத்துக்கு வருஷம் மாறும், ஆனால் பொதுவாகக் கிலோவுக்கு ஒரு சில ரூபாய்தான். மழையால் விளைச்சல் குறைந்த வருஷம் விலை ஏறும், அந்த வருஷம் பார்த்து விற்க உப்பு இருக்காது. நன்றாக விளைந்த வருஷம் விலை விழும். இருப்பு வைத்துக் காத்திருக்கப் பெரியவர்களால் முடியும். முன்பணம் வாங்கியிருக்கும் சின்ன உற்பத்தியாளர் வியாபாரி கேட்கிற நேரத்தில் கொடுத்தாக வேண்டும். மீதி ரூபாய் கழுவுதல், அரைத்தல், பாக்கெட், லாரி, விளம்பரம், கடைக்காரர் லாபம் என்று பிரிகிறது. முதல்நிலைத் தொழில் எதை எடுத்தாலும் இந்தக் கதைதான், உப்பில் கொஞ்சம் அப்பட்டமாகத் தெரிகிறது.

பிள்ளைக்குப் பள்ளி ப்ராஜெக்ட். வீட்டில் செய்து காட்ட முடியுமா?

முடியும். ஒரு லிட்டர் கடல்நீரைத் துணியில் வடிகட்டி, அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் வையுங்கள், மேலே மெல்லிய வலைத்துணி கட்டுங்கள். முதலில் தட்டின் ஓரத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படலம் வரும், அது உப்பு இல்லை. இன்னும் வற்றியதும் நீரின் மேலேயே சின்னச் சதுரத் தகடுகள் மிதக்கும், அதுதான் உப்பு. முழுக்கக் காயவிடாதீர்கள், ஓரிரு ஸ்பூன் நீர் மிச்சம் இருக்கும்போதே அதைச் சாய்த்து ஊற்றிவிட்டு உப்பை வடியவிடுங்கள். இருபது கிராம் அளவுக்குத் தேறினால் நல்ல விளைச்சல். ஊர்க் கடற்கரையில் என்னென்ன கலக்கிறதோ தெரியாது, ஆகையால் சாப்பிட வேண்டாம். இரண்டாவது தட்டு ஒன்றை வைத்து அதை மட்டும் கடைசிச் சொட்டுவரை காயவிட்டு, இரண்டையும் ஒரு ராத்திரி திறந்து வையுங்கள். இரண்டாவது தட்டு காலையில் ஈரமாகியிருக்கும், மக்னீசியம் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும். டீச்சர் கேட்டால் சொல்லப் பிள்ளைக்கு அந்த ஒரு வித்தியாசம் போதும்.